புளியமரத்தடி ஜீப்பும் என் 58,685 ரூபாயும்

நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் ஆர்டர் வரும். நானே போட்டு, நானே டின்னில் அடைத்து, நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தப் பீற்றல் ஒரு வெள்ளை எர்டிகாவின் டிக்கியில் போய் முடிந்தது.

புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு 30 கிலோ பலகாரம். மறுநாள் விசேஷம். முந்தின ராத்திரி இரண்டு மணி வரை அடுப்படியில் நின்றுவிட்டு, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து வண்டியை எடுத்தேன். கானாடுகாத்தான் பிரிவைத் தாண்டித் திருமயம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த எர்டிகா. நல்ல ஓட்டம், ஒரே சீரான வேகம். அவர் பின்னாலேயே ஒட்டிப் போனால் நிம்மதி என்று தோன்றியது. இப்படித் தோன்றுவது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. முன்னால் ஒரு நிதானமான வண்டி கிடைத்தால் நம் மூளை பாதி வேலையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொள்கிறது.

லேசான வளைவு ஒன்று வந்தது. வளைவு முடிகிற இடத்தில் டீக்கடை, அதை ஒட்டிப் புளியமரம், அடியில் போலீஸ் ஜீப். எனக்குத் தெரிந்த அதே நொடியில் முன்னால் போனவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அல்ல, நாய் குறுக்கே விழுந்தால் மிதிப்போமே, அந்த மாதிரி. நான் அவருடைய பிரேக் லைட்டைப் பார்க்கவே இல்லை. என் கண் ஜீப்பின் மேல் இருந்தது. கண்ணைத் திருப்பியபோது அவருடைய நம்பர் பிளேட்டில் இருந்த எழுத்துகள் பெரிதாக, மிகப் பெரிதாக வந்துகொண்டிருந்தன. மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டே போய் இடித்தது. பின் சீட்டில் இருந்த டின் இரண்டு உருண்டு வந்து விழுந்து மூடி திறந்து, காரெல்லாம் தேன்குழல்.

இந்தக் கதையை முதல் இரண்டு மாதம் எல்லோரிடமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். நான் அன்று சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் என் இடது கை ஸ்டியரிங்கை விட்டது. வலது தோளுக்கு மேலே பெல்ட்டைத் தேடிப் போனது. பாதி இழுத்த பெல்ட்டோடுதான் இடித்தேன். நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதி, மூன்று வாரம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஏர்பேக் விரியவில்லை. அது விரிகிற அளவுக்கு இடி பலமில்லை என்று மெக்கானிக் பிறகு சொன்னார். பெல்ட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தைக் காப்பாற்றப் போன கைதான் ஸ்டியரிங்கில் இல்லாமல் போனது.

எர்டிகாக்காரர் ஐம்பது வயதிருக்கும். குடும்பத்தோடு பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். இறங்கியதும் சத்தம் போட்டார். "ஏம்மா, கண்ணு தெரியலையா? பின்னாடி வந்து இப்படிச் சொருகுறே!" நான் அழுதுகொண்டே, "அண்ணே, நீங்க எதுக்கு நடு ரோட்டுல பிரேக் அடிச்சீங்க?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் டீக்கடையிலிருந்து எஸ்.ஐ. கையில் கிளாஸோடு வந்தார். அவரும் அதையே கேட்டார். எர்டிகாக்காரர் தயங்கி, "உங்க வண்டியைப் பார்த்துத்தான் சார்" என்றார். எஸ்.ஐ. முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நாங்க டீ குடிக்கத்தானேய்யா நின்னோம்? ஜீப்புல ஆளே இல்லையே!" இதில் பெரிய கூத்து, எர்டிகாக்காரரிடம் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பக்காவாக இருந்தன. பெல்ட் போட்டிருந்தார். பயப்பட ஒன்றுமே இல்லை. "காலு தானாப் போயிருச்சு சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க.

முதலில், போட்டோ எடுக்கவில்லை. கையில் போன் இருந்தது, கொட்டிக் கிடந்த தேன்குழலைப் படம் எடுத்து ஆர்டர் கொடுத்த அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு வண்டியும் இடித்த நிலையில் எப்படி நின்றன, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கியது, நம்பர் பிளேட், வளைவு, ஜீப் நின்ற இடம் இதெல்லாம் ஒரு படத்தில் கூட இல்லை. ஆளுக்கு அடி இல்லை என்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன் ஒரு நிமிஷம் ஒதுக்கி நாலு பக்கமும் எடுத்துவிடுங்கள். அடி பட்டிருந்தால் படமெல்லாம் அப்புறம், முதலில் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்று ஒரு எண் இருக்கிறது, அதற்கும் சொல்லலாம். எனக்கு அன்று அது தெரியாது.

அடுத்தது பணம். கூட்டம் கூடிவிட்டது. "பின்னாடி இடிச்சவங்க மேலதாம்மா தப்பு" என்று டீக்கடைக்காரர் முதல் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர் வரை தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு அவமானம். அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. எர்டிகாவின் பம்பர், டிக்கிக் கதவு, ஒரு டெயில் லேம்ப் போயிருந்தன. 14,000 கேட்டார். அட்வான்ஸாக வாங்கி வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் கூட எழுதி வாங்கவில்லை. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. ரிவர்ஸ் சென்சாரும் போயிருக்கிறதாம், இன்னும் 6,000 வேண்டுமாம். பேசிப் பேசி 2,000 அனுப்பினேன். அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில், இன்ன தேதி, இன்ன வண்டி, இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் போனே வந்திருக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. நம் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதிராளிக்குப் பணம் தரவோ, தருவதாக ஒப்புக்கொள்ளவோ கூடாது. கார் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை காப்பு உண்டு. ஆனால் அது ட்ரிப்யூனல், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம், வழியாக வர வேண்டியது. ரோட்டில் நின்று எண்ணிக் கொடுத்த பணத்துக்கு அது உதவாது. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தப் பதினாலாயிரத்தை மறந்துருங்கம்மா" என்றார். எர்டிகாக்காரருக்கும் முழு இன்சூரன்ஸ் இருந்தது. அவர் வண்டிக்கு அவர் கிளெய்ம், என் வண்டிக்கு என் கிளெய்ம் என்று பேசியிருக்கலாம். கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் போனஸ் அவருக்குப் போகும் என்பதால் அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்பது வேறு. பேசியாவது பார்த்திருக்க வேண்டும்.

என் கார் ஆறு வயசு ஸ்விஃப்ட். ரேடியேட்டர் ஒழுகி ஓட்ட முடியாத நிலை. காரைக்குடிக்கு ஏற்றிவர 3,500. அதில் 1,500 பாலிசியில் வந்தது. ஒர்க்ஷாப் பில் 61,400. முழு இன்சூரன்ஸ்தானே, எல்லாம் வந்துவிடும் என்று இருந்தேன். வந்தது 36,815. மீதி 24,585 நான் கட்டினேன். எப்படி என்று உட்கார்ந்து பார்த்தேன். பம்பர், கிரில், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், வண்டி புதுசாக இருந்தாலும் அப்படித்தான். பானெட் மாதிரித் தகரச் சாமானுக்கு வண்டியின் வயசுக்கேற்பக் கழிப்பார்கள்; ஐந்து வயசு தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் போய்விடும். பெயிண்டிலும் ஒரு பங்கு. கூலன்ட், ஏ.சி. கேஸ் மாதிரிச் செலவாகிற சாமான் கணக்கிலேயே இல்லை. இதெல்லாம் போக, கட்டாயமாக நம் கையிலிருந்து ஆயிரம். பம்பர் டு பம்பர் என்கிறார்களே, அந்தக் கூடுதல் காப்பு இருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் வராது. ஆனால் வண்டி வயசான பிறகு அதைத் தரப் பல கம்பெனிகள் யோசிக்கின்றன. உங்கள் வண்டிக்கு இன்னும் ஐந்து வயசு ஆகவில்லை என்றால் அடுத்த புதுப்பிப்பில் கேட்டுப் பாருங்கள்.

நான் கம்பெனிக்குத் தகவல் சொன்னது மூன்றாம் நாள். ஏன் தாமதம் என்று மூன்று முறை எழுதிக் கேட்டார்கள், நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அதிலேயே ஒரு வாரம். இடித்த அன்றே, முடிந்தால் இடித்த இடத்திலிருந்தே போன் செய்து கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் ஒரு சாமானையும் கழற்ற விடாதீர்கள். அப்புறம் அந்த போனஸ். ஐந்து வருஷம் கிளெய்மே இல்லாமல் 50 சதவீதத் தள்ளுபடிக்கு ஏறியிருந்தேன். ஒரே கிளெய்மில் அது பூஜ்யம். அடுத்த பிரீமியத்தில் 3,400 கூடிவிட்டது. சின்னச் சேதம் என்றால் கிளெய்ம் போடுவதில் லாபமா, போடாமல் விடுவதில் லாபமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பலகாரக் கணக்கைச் சொல்லவில்லையே. தேன்குழலும் சீப்புச்சீடையும் நொறுங்கிப்போயின. அதிரசம் தப்பித்தது, அது எந்த இடியையும் தாங்கும். நெஞ்சு வலியோடு வீட்டுக்கு வந்து, என் ஓரகத்தியையும் பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிட்டு, மறுபடி மாவு பிசைந்து, விடிய விடியப் போட்டு, வாடகை வண்டியில் அனுப்பினேன். அதில் 5,000 நஷ்டம். எக்ஸ்ரே, மாத்திரை 1,200. கார் ஒர்க்ஷாப்பில் கிடந்த 17 நாளில் டெலிவரிக்கு வாடகை வண்டி 6,500. எல்லாம் கூட்டினால் 58,685 ரூபாய். அந்த எண்ணை அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கார் இல்லாத நாட்களில் முன் சீட்டில் சும்மா உட்கார்ந்து போனதில் ஒரு நன்மை. மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தேன். போலீஸ் வண்டி தெரிந்ததும் ரோடே வேறு ஆளாக மாறுகிறது. முழங்கையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டை ஓடுகிற பைக்கிலேயே தலைக்கு ஏற்றுகிறார்கள். அந்த இரண்டு வினாடி ஹேண்டில்பாரில் ஒரே கை. காதில் இருந்த போன் மடியில் விழுகிறது, கண்ணும் அதோடு போகிறது. மூன்று பேர் போகும் வண்டி சிக்னலே இல்லாமல் ஊருணிக்கரைச் சந்துக்குள் திரும்புகிறது. ஷேர் ஆட்டோ ஐம்பது அடிக்கு முன்னாலேயே ஓரங்கட்டி இரண்டு பேரை இறக்கி, நடந்து வரச் சொல்லி, அந்தப் பக்கம் போய் ஏற்றிக்கொள்கிறது. எதிரே வருகிறவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார். நாமும் நன்றியோடு கையைத் தூக்குகிறோம். ஜீப்பைத் தாண்டி ஒரு இரண்டு கிலோமீட்டர் பவ்யமாகப் போகிறார்கள். பிறகு பழைய வேகம், சில பேர் இழந்த நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: போலீஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் வேகம் குறையும், வட்டம் தாண்டியதும் ஏறிவிடும். 2019இல் பெங்களூரு டிராஃபிக் போலீஸ் சட்டை போட்ட பொம்மைகளையே சந்திப்புகளில் நிறுத்தினார்கள். ஆள் இல்லாத ஜீப்பைப் பார்த்து எங்கள் இரண்டு வண்டிகளும் நசுங்கின என்றால் பொம்மைக்கும் வேலை இருக்கத்தான் செய்யும்.

போலீஸ் நிற்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டில் ரோட்டோரமாகப் போகும்போது, போலீஸ் வண்டியின் விளக்கு சுழல்வதைப் பார்த்துத்தான் லாரிகள் அடங்குகின்றன. அது தூரத்திலிருந்தே தெரிகிறது, எல்லோரும் மெதுவாகக் குறைக்கிறார்கள். வளைவு முடிகிற இடத்தில், மர நிழலில் திடீரென்று தெரிகிற வண்டிதான் வினை. அதை அந்த எஸ்.ஐ.யிடமே சொன்னேன். "சரிதாம்மா, ஆனா டீக்கடை அங்கதானே இருக்கு" என்றார். நியாயம்தான்.

என் பக்கம் என்ன தப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று விசாரித்தபோது அறுபதில் வந்தேன் என்று சொன்னேன். எழுபத்தைந்து இருக்கும். நடுவில் தடுப்பு இல்லாத இந்த மாதிரி ரோட்டில் காருக்கு 70தான் உச்சம் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. எழுபத்தைந்தில் ஒரு வினாடிக்கு வண்டி ஏறத்தாழ 21 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மனசு புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்தால் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 30 மீட்டர் போயிருக்கும். எனக்கும் எர்டிகாவுக்கும் இருந்தது பத்து மீட்டர். இதில் கண்ணை வேறு ஜீப்புக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் செய்வது இதுதான். முன்னால் போகும் வண்டி ஒரு கல்லையோ மரத்தையோ தாண்டும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக எண்ணுகிறேன். மூணு சொல்வதற்குள் நான் அந்த மரத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிவிட்டேன் என்று அர்த்தம், விலகிக்கொள்கிறேன். காக்கியோ ஜீப்போ கண்ணில் பட்டால் உடனே முன் வண்டியின் பிரேக் லைட்டைப் பார்க்கிறேன். முதலில் கஷ்டமாக இருந்தது. கண் பிடிவாதமாக ஜீப்புக்கே போகும். பழகிவிட்டது. நான் குறைக்க வேண்டி வந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசாக இரண்டு தடவை தொட்டுக் காட்டி, கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குறைக்கிறேன். பெல்ட்டை மறந்திருந்தால் இப்போதும் அந்த நேரத்தில் தேடுவதில்லை. அபராதம் போட்டால் போடட்டும், தாண்டிப்போய் ஓரமாக நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

"பின்னாடி இடிச்சவங்க மேலதான் தப்பு" என்ற டீக்கடைத் தீர்ப்பும் பாதிதான் உண்மை. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று விதி சொல்கிறது. பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சடாரென்று பிரேக் போடக்கூடாது என்றும் சொல்கிறது. 2017இல் கோவையில் ஒரு இன்ஜினியரிங் மாணவர், முன்னால் திடீரென நின்ற காரில் மோதி விழுந்து, பின்னால் வந்த பஸ் ஏறிக் காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் கார்க்காரருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, இடைவெளி விடாமல் போன அந்தப் பையனுக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது. கர்ப்பமாக இருந்த மனைவிக்கு வாந்தி வந்தது என்று கார்க்காரர் சொன்ன காரணத்தைக் கூட நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் நிறுத்துவதற்கு ஏற்கவில்லை. இதை முன்பே படித்திருந்தால் பதினாலாயிரத்தை அப்படி எண்ணிக் கொடுத்திருக்க மாட்டேன்.

எர்டிகாக்காரர் தீபாவளிக்கு முந்தி மறுபடி போன் செய்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று காரில் சிதறிக் கிடந்ததில் ஒரு தேன்குழலை அவர் பேத்தி எடுத்துத் தின்றிருக்கிறாள். இரண்டு கிலோ அனுப்ப முடியுமா என்றார். அனுப்பினேன், பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு.